நேச்சுரல் மைனர் ஸ்கேல்: கட்டைகளை எண்ணிப் புரிந்துகொள்வோம்

மேஜர் ஸ்கேல் ஓரளவு கைக்கு வந்துவிட்டதா? சரி, கீபோர்டில் ஏ-யில் தொடங்கி, கருப்புக் கட்டை எதையும் தொடாமல் அடுத்த ஏ வரை வாசியுங்கள்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஏ. இதுதான் ஏ நேச்சுரல் மைனர்.

அடுத்து இடைவெளிகளை எண்ண வேண்டும். ஏ-க்கும் பி-க்கும் நடுவே ஒரு கருப்புக் கட்டை இருக்கிறது, ஆகவே அது முழு ஸ்டெப். பி-க்கும் சி-க்கும் நடுவே எதுவும் இல்லை, அது அரை. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் முழு, அரை, முழு, முழு, அரை, முழு, முழு என்று வரும். எங்கே தொடங்கினாலும் இந்த வரிசை மாறாது. கிடாரில், ஒரே கம்பியில், முழுவுக்கு 2 ஃப்ரெட், அரைக்கு 1.

இ-யில் போட்டுப் பார்ப்போம். முதல் முழு ஸ்டெப்புக்கு எஃப் போதாது, அது அரை தூரத்திலேயே இருக்கிறது. எஃப் ஷார்ப் வரை, அதாவது எஃப்-க்கு அடுத்து மேலே உள்ள கருப்புக் கட்டை வரை, போக வேண்டும். அங்கிருந்து அரை தள்ளி ஜி, அப்புறம் ஏ, பி, சி, டி, இ. ஒரே ஒரு கருப்புக் கட்டைதான்.

டி மைனரில் ஆறாவது இடத்துக்கு ஒரு கருப்புக் கட்டை வரும். அதை ஏ ஷார்ப் என்று எழுதாதீர்கள், ஏ ஏற்கெனவே ஐந்தாவதாக வந்துவிட்டது. ஓர் எழுத்து ஒரு முறைதான் வரலாம் என்பதால் அது பி ஃப்ளாட், அதாவது பி-யிலிருந்து அரை ஸ்டெப் இறங்கியது.

ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் நோட்டுகள் ஒன்றே. பாட்டு எந்த நோட்டில் போய் நிம்மதியாக நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்த விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் காதுக்கு ஒன்றும் பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏ மேஜரையும் ஏ மைனரையும் அடுத்தடுத்து வாசியுங்கள். மைனரில் மூன்றாவது, ஆறாவது, ஏழாவது நோட்டுகள் அரை ஸ்டெப் இறங்கியிருக்கும். ஏ, சி ஷார்ப், இ என்று ஒரு தடவை, ஏ, சி, இ என்று ஒரு தடவை. அந்த மூன்றாவது நோட்டு இறங்கியதும் மொத்த நிறமே மாறுவது கேட்கும், அது காதில் பதியும்வரை விடாதீர்கள். (கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: சங்கராபரணம் மேஜர், நடபைரவி நேச்சுரல் மைனர்.)

கடைசியாக ஏழாவது நோட்டு. ஜி-யிலிருந்து மேல் ஏ-க்கு முழு ஸ்டெப் இருப்பதால், மேஜரில் ஏழாவது நோட்டு மேல் நோட்டுக்குப் போகத் துடிக்கிற அந்த இழுப்பு இங்கே இல்லை. ஜி-யை மட்டும் ஜி ஷார்ப் ஆக்கினால் இழுப்பு வந்துவிடும், ஆனால் அப்போது அது ஹார்மோனிக் மைனர்.