கோடையில் தூண்டில் போடக் கடலுக்கு வருகிறவர்களுக்கு

நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். வலைத் தொழில்தான் பிழைப்பு. லீவு நாளில் தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களையும் என் ஃபைபர் போட்டில் ஏற்றிக்கொண்டு போவேன். எல்லோரும் கேட்பது, "என்ன மீன் கிடைக்கும்ணே?" கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குக் கரை திரும்புவோம்?"

கத்திரி வெயில் காலத்தில் விடியற்காலைக் கடல் அடங்கியிருக்கும். உச்சிக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். திரும்பும்போது முதுகுப் பக்கம் காற்றுதானே, சீக்கிரம் தள்ளிக்கொண்டு போகும் என்று நினைப்பீர்கள். அந்தக் காற்று கிளப்பும் அலைதான் முகத்துவாரத்தில் போட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிப் போடும். அதனால் பதினோரு மணிக்குக் கரை என்று வைத்து, பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் நாலரைக்கே கிளம்பினால்தான் மீனுக்கு நேரம் மிஞ்சும். ஜூனில் கச்சான், அதாவது மேல்காற்று, பலத்துவிட்டால் கணக்கே மாறும். நிலத்திலிருந்து வீசுவதால் கரையோரம் குளம் மாதிரி தெரியும். வெளியே போகப் போக அலை வளரும், திரும்புவது எதிர்க்காற்றில். அன்றைக்குக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது விசைப்படகுக்கு, எங்கள் சின்ன போட்டுக்கு இல்லை. அந்த நாட்களில் யாராவது விசைப்படகில் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள். எந்த போட்டானாலும் பதிவு எண், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இரண்டையும் பாருங்கள். முந்தின நாள் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசுக் கடல் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். மே மாதம் வங்கக்கடலில் புயல் கிளம்புகிற மாதம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 போனில் இருக்கட்டும். வாந்தி வரும் ஆளானால் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், கடலில் குமட்டிய பிறகு அல்ல.

வெளிச்சம் வரும் நேரம் வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் உரியது. மணிக்கு 10, 11 கிலோமீட்டர் வேகத்தில் போட்டை ஓட்டி, பின்னால் பொய்மீனை (மீன் மாதிரி செய்த தூண்டில்) இழுத்துக்கொண்டு போவோம். முனையில் ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே கடியில் நரம்பு (தூண்டில் கயிறு) போய்விடும். 40 பவுண்டு நரம்பு என்றால் ட்ராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடாமல் பிடிக்கும் இறுக்கம்) 10, 12 பவுண்டுக்கு மேல் வேண்டாம். கரையிலேயே தூக்குத் தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள். மீன் ஓடும்போது ட்ராக்கை முறுக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், சென்னைக்காரர்களுக்கு அந்தக் கை அடங்காது. ஆலாப் பறவைக் கூட்டம் தண்ணீரில் விழுந்து எழுந்தால் நடுவே போட்டை விடச் சொல்லாதீர்கள், கீழே இருக்கும் மீன் கூட்டம் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஓரமாகச் சுற்றி வந்து, பொய்மீன் மட்டும் உள்ளே போகிற மாதிரி திருப்புவோம்.

வெயில் ஏறியதும் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்குப் போவோம். கணவாய்த் துண்டு கோர்த்து இறக்கினால் சங்கரா, கலவா, பாரை. கலவா கடித்ததும் யோசிக்காமல் முதல் சில சுற்று வேகமாகச் சுற்றி அடியிலிருந்து கிளப்ப வேண்டும். பொந்துக்குள் நுழைந்துவிட்டால் தூண்டிலோடு மறந்துவிடலாம். இன்னொன்று: போனில் பார் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளாதீர்கள். அது ஊர்ச்சொத்து.

மயில்மீன் (முதுகில் பாய்மரம் மாதிரித் துடுப்பும் ஈட்டி மூக்கும் உள்ள பெரிய மீன்) மாட்டினால் பாதிப் பேருக்குப் போட்டுக்குள் தூக்கிப் போட்டோ எடுக்க ஆசை. விடப்போகிற மீனைத் தண்ணீரிலேயே வைத்து, மூக்கைப் பிடித்து, போட் மெதுவாக நகர நகரச் செவுளில் தண்ணீர் ஓடவிட்டு அனுப்புங்கள். ஆமை சிக்கினால் விட்டே ஆக வேண்டும், சட்டம்.

ஐஸ்தான் கோடையில் பெரிய செலவு, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சூரை பிடித்தவுடன் செவுளை அறுத்து ரத்தம் வடித்து, ஐஸும் கடல்தண்ணீரும் கலந்த பெட்டியில் முழுக்க மூழ்கவிடுங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உண்டாகும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் போகாது, முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். நாறாத மீனிலும் அது இருக்கலாம்.

மீன் யாருக்கு என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வாடகை தந்தாலும், கூட வந்த பையன்களுக்குக் குழம்புக்கு ஒரு பங்கு தருவது இங்கே வழக்கம்.