போர் ஆவணப்படம் பார்த்துவிட்டு, அரசியல் முடிவை நீங்களே எடுப்பது எப்படி?

போரைப் பற்றிய நல்ல ஆவணப்படம் ஆளை உலுக்கிவிடும். அந்த உலுக்கலோடு எழுந்து போனால், இயக்குநரின் அரசியலைத்தான் வீட்டுக்குச் சுமந்து போவோம். படம் எழுப்பிய கேள்வியை வெளியே கொண்டுபோய்ச் சோதிக்கும்போதுதான் சொந்தக் கருத்து உருவாகத் தொடங்கும். அதற்கான வேலைமுறை இது. பழகுவதற்கு வியட்நாம் போரை எடுத்துக்கொள்ளலாம். எதிரெதிர்ப் பார்வையில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, அரசின் ரகசிய ஆவணங்களும் பெருமளவு வெளிவந்துவிட்டன. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் போரில் சொந்தக் காயம் இல்லாததால் நிதானமாகப் பார்க்கவும் முடியும்.

ஒரே படத்தை நம்பி இறங்காதீர்கள், இரண்டு வேண்டும். 1974-இல் போருக்கு எதிரான நிலையிலிருந்து எடுத்த 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' ஒன்று. 2003-இல் வந்த 'தி ஃபாக் ஆஃப் வார்' இன்னொன்று. 1961 முதல் 1968 வரை அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மெக்நமாரா ஒருவர் மட்டுமே இதில் பேசுகிறார். இரண்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே நாளில் பார்த்தால் இரண்டாவது படம் முதலாவதை அழித்துவிடும், அதனால் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

படத்தைப் போடுவதற்கு முன் அரைப்பக்கம் எழுதுங்கள்: இந்தப் போரைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறேன், அது எனக்கு எங்கிருந்து வந்தது? இதைத் தவிர்த்தால், படம் உங்களை எவ்வளவு தூரம் நகர்த்தியது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பார்த்து முடித்ததும் 'இதைத்தான் நான் முன்பே நினைத்தேன்' என்று தோன்றும். எழுதி வைத்த தாள் இருந்தால் அப்படி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

அடுத்து, யார் பணம் போட்டார்கள் என்று பாருங்கள். 2017-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த 'தி வியட்நாம் வார்' என்ற பத்துப் பகுதித் தொடருக்கு உதவியவர்கள் பட்டியலில் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் தொழிலதிபர் டேவிட் கோக்கும் இருந்தார்கள். பணம் வந்த இடம் தெரிந்ததும் படம் பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று தேட ஒரு துப்பாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் தொடக்கத்திலேயே, நேர்மையான மனிதர்கள் நல்லெண்ணத்தோடு தொடங்கிய போர் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. அதைத் தீர்ப்பாக ஏற்காமல், ஆவணங்களோடு உரசிப் பார்க்க வேண்டிய கூற்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். கோபமோ அழுகையோ பொங்கிய இடத்தின் நேரத்தை மட்டும் குறியுங்கள், வேறெதையும் எழுத வேண்டாம். தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் படம் கைநழுவிப் போகும். மறுநாள், குறித்தவற்றில் ஐந்தாறு இடங்களை மட்டும் திரும்பப் போட்டு, தாளில் கோடிட்டுப் பிரித்த நான்கு பத்திகளில் எழுதுங்கள்: நேரம், கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, அதைச் சொன்னவர் யார்.

இந்த நான்கு பத்திகள் என்ன செய்யும் என்பதற்கு 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' படத்தில் ஓர் இடம் போதும். ஒரு வியட்நாமியக் குடும்பம் இறந்தவரைப் புதைக்கிறது. சவப்பெட்டியோடு குழிக்குள் இறங்கப் பார்க்கும் பெண்ணைப் பிடித்து இழுக்கிறார்கள். அதையொட்டியே, வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட் தோன்றி, கீழை நாட்டவர்கள் மேலை நாட்டவர்களைப் போல உயிருக்கு உயர்ந்த விலை வைப்பதில்லை என்கிறார். பார்ப்பவருக்கு ரத்தம் கொதிக்கும், கொதிக்க வேண்டியதுதான். இப்போது பத்திகளை நிரப்புங்கள். அந்த வார்த்தைகள் ஜெனரலுடையவை. இழவுக் காட்சியைப் பக்கத்தில் வைத்தது இயக்குநர். புதைக்கப்படுபவர் யார்? அமெரிக்கக் குண்டுக்குப் பலியான கிராமத்தவர் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் தென் வியட்நாம் படைவீரர், அதாவது அமெரிக்காவின் பக்கத்தில் நின்று செத்தவர். இது தெரிந்த பிறகு காட்சியின் துயரம் குறையாது, ஆனால் கேள்வி மாறிவிடும். தன் கூட்டாளிகளின் உயிரையே இப்படி எடைபோட்ட தளபதி, போரை எப்படி நடத்தியிருப்பார்? இது படம் நேராகக் கேட்காத கேள்வி, நீங்கள் கண்டெடுத்தது. இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் இவ்வளவு பாடும்.

அதே இடங்களை ஒலியை அணைத்துவிட்டும் ஒரு முறை பாருங்கள். படைப் பிரிவின் படப்பிடிப்பாளர்கள் எடுத்த பழைய சுருள்களில் பெரும்பாலானவை ஒலியில்லாதவை. நீங்கள் கேட்கும் துப்பாக்கிச் சத்தம் பல நேரம் பின்னால் சேர்த்தது. இசையும் சத்தமும் போனபின் காட்சி எதை நிரூபிக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

படம் கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதைத் தனியாகக் குறியுங்கள். பெரும்பாலான அரசியல் சாய்வு அங்கேதான் ஒளிந்திருக்கும். 1965-இல் அமெரிக்கத் தரைப்படை இறங்கியதிலிருந்து தொடங்கினால், கம்யூனிசத்தைத் தடுக்கப் போன ஒரு நாட்டின் கதை கிடைக்கும். 1954-இல் தொடங்கினால், வடக்கு, தெற்கு என்று பிரிந்த நாட்டை ஒன்றாக்க 1956-இல் நடக்க வேண்டியிருந்த, ஜெனீவாவில் ஒப்புக்கொண்ட தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டாக வேண்டும். 1945 செப்டம்பர் 2-இல் வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் விடுதலையை அறிவித்ததிலிருந்து தொடங்கினால், பிரான்சின் காலனிப் போருக்கு அமெரிக்கா ஏன் பணம் கொடுத்தது என்பது முன்னால் வந்து நிற்கும். மூன்று தொடக்கங்களுக்கும் ஐந்தைந்து வரியில் கதையை எழுதிப் பாருங்கள்.

இறந்தோர் எண்ணிக்கைக்கும் இதே கவனம் தேவை. அமெரிக்கத் தரப்பில் 58,220 பேர் என்று கடைசி ஆள் வரை கணக்கு இருக்கிறது. வியட்நாமியர் எண்ணிக்கையோ மதிப்பீடுதான். 1995-இல் ஹனோய் அரசு, பொதுமக்கள் சுமார் 20 லட்சம், தன் தரப்புப் போராளிகள் சுமார் 11 லட்சம் என்றது. இரு தரப்பின் படங்களிலும் அதிகம் தொலைந்து போகிறவர்கள், அந்தக் குழியில் இருந்தவரைப் போன்ற தென் வியட்நாம் வீரர்கள். படத்தில் யாருடைய சாவுக்குப் பெயர் இருக்கிறது, யாருடையது வெறும் எண்ணாகப் போகிறது என்று பட்டியல் போடுங்கள்.

பிறகு ஒரே ஒரு கூற்றை எடுத்து ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பத்தை எடுத்தால் எதையும் முடிக்க மாட்டீர்கள். டோங்கின் வளைகுடா நல்ல தேர்வு. வட வியட்நாமை ஒட்டிய அந்தக் கடலில் 1964 ஆகஸ்ட் 2-இல் வட வியட்நாம் படகுகளால் அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டது உண்மை. ஆகஸ்ட் 4-இல் நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவில்லை என்று மெக்நமாராவே 'தி ஃபாக் ஆஃப் வார்' படத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்தத் தாக்குதல் நடந்ததாக நம்பித்தான் ஆகஸ்ட் 7-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை 416-0 என்றும் செனட் 88-2 என்றும் அதிபருக்குப் போர் அதிகாரம் கொடுத்தன. 2005-இல் ரகசியம் நீக்கி வெளியிட்ட, அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆய்வையும், 2011-இல் அமெரிக்க ஆவணக் காப்பகம் முழுமையாக வெளியிட்ட பென்டகன் ஆவணங்களில் (போரைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ரகசியமாகத் தயாரித்த ஆய்வு) 1964-க்கான பகுதியையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மெக்நமாரா தவறு நேர்ந்துவிட்டது என்கிற தொனியில் பேசுகிறார். இரண்டாவது தாக்குதல் நடந்தது என்ற முடிவுக்கு ஏற்றபடி உளவுத் தகவல்கள் திரித்துக் காட்டப்பட்டதாக முகமையின் ஆய்வு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நீங்களே அளக்க வேண்டும். பதவி விலகிய பின் ஏன் போரை எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டபோது அவர் பதில் சொல்ல மறுக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஒரு பக்கம் எழுதுங்கள்: என் நிலை என்ன, எந்தச் சான்று அதைத் தாங்குகிறது, எது வெளிவந்தால் மாற்றிக்கொள்வேன். மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால், கையில் இருப்பது இன்னும் உணர்ச்சிதான், ஆவணத்துக்குத் திரும்புங்கள். அடிக்கடி நேரும் இன்னொரு கோளாறு, 'எல்லா அரசும் பொய்தான் சொல்லும்' என்று கைகழுவுவது. செனட்டில் எதிர்த்து வாக்களித்த இருவர், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் க்ரூனிங்கும், எதன் பேரில் அப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தால் அந்தச் சலிப்பு விலகும்.

குழுவாகப் பார்ப்பதாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். பேச ஆரம்பிக்கும் முன் எல்லோரும் பத்து நிமிடம் தனித்தனியே எழுதட்டும். இல்லையென்றால் முதலில் வாய் திறப்பவரின் கருத்துதான் அன்றைய கருத்தாகிவிடும்.

ஈழப் போர் போன்ற நமக்கு நெருக்கமான போரின் படங்களுக்கும் முறை இதுதான், ஆனால் வரிசையை மாற்றுங்கள். அங்கே துயரம் முந்திக்கொள்ளும், அதனால் ஆவணம் முதலில் வர வேண்டும். 2011-இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையையும், அதே ஆண்டு இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையையும் படத்துக்கு முன்பே படித்து, இரண்டும் முரண்படும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.