மழைக்காலத்தில் கூடலூர், மசினகுடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி முழுவதற்கும் ஒரே மழை என்று எண்ணிக் கிளம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலையின் மேற்கு முகத்தில் மோதுகிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் அப்போது நனைந்து ஊறிக் கிடக்கும். தேவாலாவுக்குத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்றே பெயர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே காலத்தில் மலைக்குப் பின்புறம் மழை மறைவில் இருக்கும் மசினகுடியில் வெயில்கூட அடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கத்து மழை வேறு. அது அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வருவது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தது அந்தப் பருவத்தில்தான்.

ஆகவே கைபேசியில் ‘ஊட்டி வானிலை’ பார்த்துவிட்டுக் கூடலூருக்குப் போவதில் பயனில்லை. இரண்டுக்கும் இடையே சுமார் 50 கி.மீ. தூரம், உயரத்திலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ., ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ., சிவப்பு என்றால் அதற்கும் மேல். சமவெளியில் 10 செ.மீ. மழை தெருவில் தேங்கி வடியும். மலையில் அது சரிவுக்குள் இறங்கி மண்ணைக் கனக்க வைக்கும். அதனால்தான் மழை விட்ட மறுநாளும் மண் சரிகிறது. ஆரஞ்சு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். சிவப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலான சுற்றுலா இடங்களை எப்படியும் மூடிவிடுவார்கள்.

ஆற்றங்கரைத் தவறுதான் உயிரைக் குடிக்கும் தவறு. ‘இங்கே மழையே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். மசினகுடிக்குப் பக்கத்திலுள்ள தெப்பக்காட்டில் ஓடும் மாயாறு அங்கே பெய்த மழையால் ஓடுவதில்லை. முக்குருத்தி மலையடியில் பிறந்து பைக்காராவாக வரும் தண்ணீர்தான் கீழே மாயாறாகிறது. இடையில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள் உண்டு. மேலே பெருமழை கொட்டினாலோ அணையிலிருந்து உபரி நீரைத் திறந்தாலோ, வெளுத்த வானத்தின் கீழேயே ஆறு பெருகிவிடும். மேட்டுப்பாளையத்தில் பவானிக்கும் இதே கதைதான். பில்லூர் அணை நிரம்பித் திறந்தால், கரையில் சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வரும்.

வெள்ளம் வருவதற்கு முன் ஆறு சில அடையாளங்கள் காட்டும். தெளிந்திருந்த நீர் திடீரென்று கலங்கும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். கரையோரம் ஒரு கல்லைக் குறி வைத்துக்கொண்டால் மட்டம் ஏறுவது தெரியும். இதில் ஒன்று தெரிந்தாலும் செருப்பையும் பையையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஆற்று நடுவிலிருக்கும் பாறை மேடல்ல; அதில் ஏறி நிற்பவர்தான் சிக்கிக்கொள்வார். முதுமலைக் காப்பகத்துக்குள் என்றால் வண்டியை நிறுத்தி ஆற்றில் இறங்குவதே குற்றம். யானை தண்ணீர் குடிக்க வரும் இடம் அது.

தரைப்பாலத்தின் மீது தண்ணீர் ஓடும்போது முன்னால் ஒரு லாரி போய்விட்டது என்று பின்னால் காரை விடாதீர்கள். ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறிய கார் மிதந்து நகரும். இரண்டடி இருந்தால் ஜீப்பையும் தள்ளும். ஆளைச் சாய்க்க அரையடி போதும். கலங்கல் நீரில், அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வது இன்னொரு தவறு. காற்று போகும் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். ஆளை இறக்கிவிட்டு வண்டியை அப்படியே விடுங்கள்.

மாயாற்றுத் தரைப்பாலம் மூழ்கி மசினகுடி–தெப்பக்காடு பாதை துண்டிக்கப்பட்டதுண்டு. மசினகுடியில் தங்குபவர்கள் இதை மனத்தில் வைத்தே திட்டம் போட வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம், பிரேக் சூடேறி விபத்தானவை ஏராளம். ஆகவே போகும்போது கூடலூர் சுற்றித்தான். திரும்பும்போது கல்லட்டி வழியாக ஏறலாமா என்பதை அன்று காலை காவல் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடலூர்–மைசூர் வழியில் முதுமலைக்குள் போகும் தொரப்பள்ளி–கக்கநல்லா காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூரிலிருந்து வருபவர்கள் மண்சரிவுக்கும் மரம் விழுவதற்கும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவைப்பது நல்லது.

நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் கிடைத்துவிட்டதால் சாலை திறந்திருக்கிறது என்று பொருளல்ல. 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு அது கட்டாயம். வண்டிக் கணக்குக்காக வந்த ஏற்பாடு, மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். மழைக்காலத்தில், சொல்லப்போனால், பேருந்துதான் புத்திசாலித்தனம். ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

சொந்த வண்டிதான் என்றால்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடாது. மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மேகமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும் ஃபாக் லாம்ப்பும் போதும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்ட விட்டால், நீங்கள் திரும்பப்போகிறீர்களா நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்ளே பூத்தால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். துணியால் துடைத்துத் தீராது.

சரிவிலிருந்து சின்னக் கற்கள் உருண்டு வருவது, மின்கம்பம் சாய்ந்திருப்பது, சாலையோரம் புதிதாக வெடிப்பு விழுவது, தெளிவாக வந்த ஊற்று சேறாக மாறுவது எல்லாம் மண் நகர்வதன் அறிகுறிகள். அங்கே படம் எடுக்க நிற்காதீர்கள். யூகலிப்டஸ் மரத்தடியிலும் வண்டியை நிறுத்த வேண்டாம். மண் இளகியிருக்கும்போது ஒரு பலத்த காற்று போதும், உயரமான மரம் வேரோடு சாயும்.

அறை பிடிக்கும்போது ‘ரிவர் வியூ’ என்ற சொல்லில் மயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற மழையில் தண்ணீர் எதுவரை வந்தது? அறைக்கு வரும் வழியில் தரைப்பாலம் உண்டா? ஜெனரேட்டர் இருக்கிறதா? ஆற்றைத் தவிர்த்து மேட்டில் எடுத்தால் மட்டும் போதாது. அறைக்குப் பின்னால் மண்ணை வெட்டிய சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்புச் சுவர் இருந்தால் அதன் துளைகளில் தண்ணீர் வடிய வேண்டும். பெருமழையிலும் துளைகள் காய்ந்திருந்தால் அடைத்துக்கொண்டிருக்கலாம். உள்ளே சேரும் நீர் சுவரைத் தள்ளும்.

ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் பயணம் முடியும்வரை காயாது. சீக்கிரம் காயும் பேன்ட், ரெயின்கோட், நான்கைந்து ஜோடி சாக்ஸ் போதும். கூடலூர்க் காற்றில் குடை நிற்காது. தேயிலைத் தோட்டத்திலும் சோலையிலும் அட்டை ஏறும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்பையோ புகையிலைத் தூளையோ தேய்த்துக்கொள்ளலாம். கடித்த அட்டையின் மேல் மட்டும் உப்பும் நெருப்பும் வைக்காதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள் கக்கிவிடும். அதன் மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும்; கழுவி, அழுத்திக் கட்டினால் நிற்கும்.

மரம் விழுந்து மின்சாரம் போனால் கைபேசி டவரும் பின்னாலேயே படுத்துவிடும். ஜிபேயும் ஏடிஎம்மும் அத்தோடு சரி. இரண்டு நாளுக்கான ரொக்கம், பவர் பேங்க், டவுன்லோடு செய்த வரைபடம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இவற்றைத் தனியே ஒரு பையில் வையுங்கள். பெட்ரோலைக் கூடலூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. சிக்னல் போவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.