வி.ஆர். ஹெட்செட் மாட்டியபடி முகபாவத்தைப் பிடிப்பது எப்படி? முதலில் வாய், கண் அப்புறம்

வி.ஆர்.சாட் என்பது வி.ஆர். (மெய்நிகர் உலகு) ஹெட்செட் மாட்டிக்கொண்டு பலர் கூடிப் பேசும் தளம். அங்கே நமக்குப் பதிலாக நிற்கும் உருவமான அவதாரின் முகம் நம் முகம் போலவே அசைய வேண்டுமானால், முகத்தைக் கேமராவில் பிடிக்க வேண்டும். ஆனால் ஹெட்செட் மாட்டியதும் நெற்றியிலிருந்து மூக்கு வரை மூடிவிடுகிறது. முகத்தைப் படிக்கும் சாதாரண வெப்கேம் மென்பொருள் கண்ணையும் புருவத்தையும் தேடிப் பார்த்துவிட்டு, முகமே இல்லை என்று கைவிரித்துவிடும். அதனால் கேமராவை ஹெட்செட்டிலேயே கட்ட வேண்டும். 2015-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாவோ லீ குழு செய்ததும் இதுதான்: முகத்தில் படியும் ஹெட்செட் நுரைக்குள் தசை இழுவையை அளக்கும் உணரிகள், வாய்க்கு நேரே நீட்டிய ஒரு கேமரா. 2022-இல் வந்த மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் புரோ ஹெட்செட்டில் முகத்தைப் பிடிக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் உள்ளேயே இருந்தன, அறிமுக விலை 1,500 டாலர். குவெஸ்ட் 2, 3 இரண்டிலும் அவை கிடையாது. கையில் குவெஸ்ட் 2 அல்லது 3 தான் இருக்கிறது என்றால் வாயை மட்டும் பிடிப்போம். பேசும்போது அசைவு அதிகம் தெரிவது அங்கேதான்.

1. கேமராவைக் கட்டுதல்

சின்ன யு.எஸ்.பி. கேமரா போதும். வைஃபை வழியே படம் அனுப்பும் இ.எஸ்.பி.32 கேமரா போர்டும் ஓடும், ஆனால் முதல் முறைக்கு வேண்டாம்; வைஃபை தகராறிலேயே பொழுது போய்விடும். வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கெட்டிக் கம்பியை ஹெட்செட்டின் அடியில் பிளாஸ்டிக் டேக் (கேபிள் டை) போட்டு இறுக்கி, நுனியில் கேமராவை ஒட்டுங்கள். வாயை முழுக்கத் திறந்தாலும் மேலுதடு முதல் முகவாய் வரை படத்துக்குள் இருக்க வேண்டும். மூக்குக்கு நேர் கீழே வைத்தால் மூச்சுக்காற்று லென்ஸில் பனி மாதிரி படியும். கொஞ்சம் தள்ளி, கீழிருந்து மேல் நோக்கி வையுங்கள். கையைக் கவனிக்கும் ஹெட்செட் கேமராக்களைக் கம்பி மறைக்கக் கூடாது.

2. வெளிச்சம்

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது. டியூப்லைட் தலைக்கு நேர் மேலே இருந்தால் ஹெட்செட்டின் நிழல் உதட்டில் விழும். எதிர்ச் சுவரில் இருக்கும் விளக்கைப் போடுங்கள். ஜன்னலோரமும் மொட்டை மாடியும் வேண்டவே வேண்டாம். வேலூர் வெயில் ஹெட்செட் லென்ஸ் வழியே உள்ளே பாய்ந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குகிற மாதிரி திரையைப் பொசுக்கிவிடும். கழற்றி வைக்கும்போதும் லென்ஸைத் துணியால் மூடுங்கள். சித்திரை, வைகாசியில் சத்துவாச்சாரிப் பக்கம் மின்விசிறி போட்டும் வியர்வை நிற்காது. ஹெட்செட்டில் முகம் படியும் துணியைத் துடைக்கும்போதே கேமரா லென்ஸையும் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.

3. மென்பொருள்

கணினியில் வாயசைவைப் படிக்கும் மென்பொருளான ப்ராஜெக்ட் பேபிளை நிறுவி, கேமராவைத் தேர்ந்து, வாயைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். படம் சாய்ந்திருந்தால் நேராக்குங்கள். தாடை திறப்பு, உதடு குவிப்பு என்று ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் ஓடும். இந்த அசைவுகளைத்தான் பிளெண்ட்ஷேப் என்கிறார்கள். அடுத்து வி.ஆர்.சி. ஃபேஸ்டிராக்கிங் என்ற இணைப்பு மென்பொருளைத் திறந்து, அதில் பேபிளுக்கான மாட்யூலை (துணைநிரலை) சேருங்கள். அது எண்களை வி.ஆர்.சாட்டுக்குத் தள்ளிவிடும். வி.ஆர்.சாட்டின் ஆக்‌ஷன் மெனுவில் ஓ.எஸ்.சி.யை, அதாவது வெளி மென்பொருள் அனுப்பும் எண்களை வாங்கும் வசதியை, இயக்க மறக்காதீர்கள். அது 9000-ஆம் போர்ட்டில் காத்திருக்கும்.

4. அளவெடுத்தல்

வாயை மூடிச் சும்மா இருக்கும்போது எண்கள் 0-வை ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உச்ச அளவு. வட ஆற்காட்டுப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் கோமாளியாக வரும் கட்டியங்காரனின் வாய் எவ்வளவு அகலும் என்று தெரியும். அந்த அளவுக்கு அகட்டி உச்சத்தைப் பதிவு செய்தால், அப்புறம் வீட்டில் சிரிக்கிற சிரிப்பு 0.3-ஐத் தாண்டாது, அவதார் உம்மென்றே இருக்கும். நண்பரிடம் பேசும்போது வரும் சிரிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் போதும்.

சோதிக்க "மக்கன்பேடா", "ஆம்பூர் பிரியாணி" இரண்டையும் மெதுவாகச் சொல்லுங்கள். ம், ப் வரும் இடங்களில் அவதாரின் உதடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் கட்டம் உதட்டை வெட்டுகிறதா, நிழல் விழுகிறதா என்று பாருங்கள். ஆம்பூரின் 'ஊ'வில் உதடு குவிய வேண்டும். ழ, ள வேறுபாட்டைத் தேடாதீர்கள், அது நாக்கின் உள்வேலை, கேமராவுக்குத் தெரியாது.

எண் அசைகிறது, முகம் மட்டும் அசையவில்லையா? அந்த அவதாரில் முக அசைவுகள் வைக்கப்பட்டிருக்காது. வேறு அவதாருக்கு மாறுங்கள்.

5. கண்

மனம் நிறைந்த சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே எழுதினார். ஆகவே வாய் மட்டும் சிரித்தால் அவதாரிடம் ஒரு ஒப்புக்குச் சிரிக்கும் தன்மை இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் இருட்டான ஹெட்செட்டுக்குள் கண்ணைப் படம்பிடிக்க, கண்ணருகே நீங்களாகவே அகச்சிவப்பு எல்.இ.டி. ஒட்ட இறங்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணின் பாவை சுருங்காது, அளவு மிஞ்சினாலும் கூசாது; கண் கெடுவதே தெரியாது. மின்னோட்டத்தைக் கணக்கிட்டு அளக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கண்ணசைவைப் பிடிக்கும் ஐட்ராக்வி.ஆர். போன்ற திறந்தமூலத் திட்டத்தின் மின்சுற்று வரைபடத்தை அப்படியே பின்பற்றுங்கள்.