தோமா நற்செய்தியை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோமா நற்செய்தி, இயேசு சொன்னதாகத் தரும் கூற்றுகளின் தொகுப்பு, பைபிளில் சேராத பழைய நூல். அதைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும்போது, நாங்கள் படித்த காலத்தில் வகுப்பே சேர்ந்து செய்த தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. அடிக்குறிப்புப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அதை யாரும் சொல்லித் தருவார்கள்.

கோப்திக் படி ஒன்றையே நம்புவது

114 கூற்றுகளும் முழுசாகக் கிடைப்பது 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே அகப்பட்ட சுவடியில்தான். அது 4-ஆம் நூற்றாண்டுப் படி, கிரேக்கத்திலிருந்து பழைய எகிப்திய மொழியான கோப்திக்கில் செய்த மொழிபெயர்ப்பு.

இதில் 77-ஆம் கூற்றுதான் எல்லோரையும் இழுக்கிறது. "எல்லாமும் நானே" என்கிறார் இயேசு. உடனே, மரத்தைப் பிளந்தால் அங்கே இருக்கிறேன், கல்லைத் தூக்கினால் என்னைக் காண்பீர்கள் என்கிறார். 'தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான்' கேட்டு வளர்ந்த நமக்குப் பொருள் சட்டென்று விளங்கிவிட்டதுபோல் தோன்றும். ஒரு மாணவர் ஆய்வேட்டின் முழு அத்தியாயத்தையே இதன்மேல் கட்டியிருந்தார்.

சரி, கிரேக்கத்தில் என்ன இருக்கிறது? 1897-இல் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர்கள் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டில் எடுத்த பாப்பிரஸ் தாள் ஏறக்குறைய கி.பி. 200-ஐச் சேர்ந்தது. அதில் கல்லும் மரமும் 77-இல் இல்லை, 30-ஆம் கூற்றின் வாலில் இருக்கின்றன. கல் முதலில், மரம் பிறகு. அதற்கு முந்தைய வரி, தனித்திருப்பவனோடு நான் இருக்கிறேன் என்கிறது. அங்கே பேச்சு தனியாள் ஒருவனுக்குத் துணை நிற்பதைப் பற்றியது. எந்த வரிசை பழையது என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் வரியை இடம் மாற்றியிருக்கிறார் என்பது உறுதி. அந்த அத்தியாயத்தை அப்படியே நீக்க வேண்டியதாயிற்று. நல்ல பதிப்புகள் எல்லாமே கிரேக்கத் துண்டுகளையும் சேர்த்துத்தான் தருகின்றன. அந்தச் சில பக்கங்களைப் புரட்டாமல் எழுதுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

ஞானவாத முத்திரை

இந்த உலகைப் படைத்தது ஒரு கீழான கடவுள், மீட்பு இரகசிய ஞானத்தால் வரும் என்ற பழைய போக்குதான் ஞானவாதம். தோமா நற்செய்தியையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கீழான படைப்புக் கடவுளின் கதை இந்நூலில் சொல்லப்படவே இல்லை. ஞானவாத நூல்களோடு கிடைத்தது என்பது சான்றாகாது. அதே புதையலில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் ஒரு பகுதியும் இருந்தது.

குழந்தைப் பருவ நற்செய்தியோடு குழப்புவது

தோமா பெயரிலேயே வழங்கினாலும், அது இயேசுவின் சிறுவயதுக் கதைகளைச் சொல்லும் வேறு நூல்.

பரங்கிமலைக்குச் சான்று தேடுவது

தோமா இந்தியாவுக்கு வந்தார் என்பதற்கு இந்நூலில் சான்று தேடுகிறார்கள். இதில் இந்தியாவே வராது. அப்பயணத்தைச் சொல்வது 'தோமாவின் பணிகள்'.

சுருக்கமாக இருந்தால் பழையது என்பது

திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உவமை 65-ஆம் கூற்றில், பைபிளில் உள்ள மாற்கு நற்செய்தியில் இருப்பதைவிடச் சிறியது. ஆகவே இதுவே மூத்தது என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த கூற்றையும் படிக்க வேண்டும். கட்டுவோர் தள்ளிய கல் பற்றிய வாக்கு, மாற்கு 12-இல் போலவே, 66-இல் உவமையை ஒட்டியே நிற்கிறது. தோமா மாற்குவை அறியாத தனி மரபு என்று வாதாடுபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.