கார்ட் ஏன் காலியாகிறது? குக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை அல்வாக் கடைக்கு ஒரு வெப்சைட். தென்காசிக்காரர் ஒருவர் ஒரு கிலோ ஆர்டர் போட்டு, பேமென்ட் கேட்வேயில் (கடைக்காகப் பணம் வாங்கும் வெளித்தளம்) பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் கார்ட் காலி, லாகினும் போயிருக்கும். சர்வர் லாக்கில் எரர் எதுவும் இருக்காது. காரணம் குக்கி, அதாவது வந்திருப்பவரை அடையாளம் காண சர்வர் கொடுத்து பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு.

பல கேட்வேக்கள் வாடிக்கையாளரைப் போஸ்ட் முறையில் (தகவலையும் சுமந்து வரும் கோரிக்கை) திருப்பி அனுப்புகின்றன. வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்பதைச் சொல்லும் அமைப்பு ‘ஸேம்சைட்’. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டுடன் ‘ஸேம்சைட் லாக்ஸ்’ குக்கியை பிரவுசர் அனுப்பாது. ஸேம்சைட்டே குறிக்காவிட்டாலும் 2020 முதல் குரோம் அதை லாக்ஸாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அப்படிக் குறிக்காத குக்கிக்கு முதல் 2 நிமிடம் மட்டும் சலுகை உண்டு, போஸ்டுடனும் போகும். டெவலப்பர் வேகமாகச் சோதிப்பார், எல்லாம் ஓடும். ஓடிபிக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளரிடம்தான் உடையும்.

உடனே ‘ஸேம்சைட் நன்’ (எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் அனுப்பு) போடாதீர்கள். ‘செக்யூர்’ (ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு) இல்லாமல் போட்டால் குரோம் அந்தக் குக்கியையே ஏற்காது. சேர்த்துப் போட்டால் பிற தளங்களின் போலிப் போஸ்டுகளோடும் அது வந்து சேரும். லாக்ஸே இருக்கட்டும். கேட்வேயிலிருந்து திரும்பும் பக்கத்தில் செஷனை (வந்தவரின் லாகினையும் கார்ட்டையும் சர்வர் வைத்திருக்கும் பதிவு) தொடங்காமல் இருப்பதுதான் முக்கியம். குக்கி வராததால் சர்வர் புது செஷன் ஐடி கொடுக்கும், அது பழையதை அழித்துவிடும். ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் சிக்னேச்சரையும் (செய்தி கேட்வேயிடமிருந்தே வந்தது என்பதற்கான முத்திரை) சரிபார்த்து, 303 ரீடைரக்டில் (வேறு பக்கத்துக்குப் போ என்று பிரவுசருக்குச் சொல்லும் பதில்) நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அது கெட் கோரிக்கை (பக்கத்தைக் கேட்டு வாங்குவது), பழைய குக்கி கூடவே வரும்.

அடுத்து, குக்கிக்குள் தமிழ். பெர்சென்ட் என்கோடிங் (ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு மூன்று எழுத்தாக்குவது) செய்தே வைக்க வேண்டும். பிஎச்பி மொழியின் செட்குக்கி அதைத் தானே செய்துவிடும், ஆனால் அளவைப் பாருங்கள்: ‘திருநெல்வேலி’ யூனிகோடில் 12 குறி, யுடிஎஃப்-8இல் 36 பைட், என்கோட் ஆனபின் 108. பெயரும் மதிப்பும் சேர்ந்து ஒரு குக்கிக்கு 4096 பைட்தான். டெலிவரி முகவரியையும் கார்ட்டையும் உள்ளே திணித்தால் சீக்கிரமே மீறும். மீறியதை பிரவுசர் சத்தமில்லாமல் தள்ளிவிடும். விலையை அதில் வைப்பது இன்னும் ஆபத்து, வாங்குபவரே திருத்திவிடலாம். செஷன் ஐடி மட்டும் குக்கியில், மற்றதெல்லாம் டேட்டாபேஸில். அந்த ஐடிக்கு ‘ஹெச்டிடிபிஒன்லி’ கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நுழைந்த எந்த ஜாவாஸ்கிரிப்டும் அதைப் படித்துவிடும்.

லாக்அவுட் அழுத்தியும் குக்கி போகவில்லையா? வைத்தபோது கொடுத்த அதே பாத் (தளத்துக்குள் குக்கி செல்லுபடியாகும் முகவரிப் பகுதி), அதே டொமைனோடு, கடந்துபோன தேதி போட்டு அனுப்புங்கள். ‘/கடை’ பாத்தில் வைத்ததை ‘/’ பாத்தில் அழிக்க முடியாது.

புரோகிராமைத் திருத்தும் முன் குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோரிக்கையைத் திறந்து பாருங்கள். தள்ளப்பட்ட செட்-குக்கி வரியின் அருகே எச்சரிக்கைக் குறி இருக்கும். மவுஸை அதன்மேல் வைத்தால் காரணம் தெரியும்.