மில்லிங் மெஷினுக்குப் புது டேப்பர் கிப் பொருத்துவது எப்படி?

டேபிளுக்கும் அதைத் தாங்கும் சாடிலுக்கும் நடுவே, ஆட்டம் இல்லாமலிருக்க ஆப்பாகச் செருகியிருக்கும் வார்ப்பிரும்புப் பட்டைதான் கிப். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பது டேப்பர் கிப். மாற்றுப் பாகமாக வரும் டேப்பர் கிப் பெரும்பாலும் நீளம் கூடுதலாகவும் சற்றுத் தடிமனாகவும் இருக்கும். பழைய கிப்பைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு அறுத்துவிடாதீர்கள். முகம் சரியாகப் படிவதற்காக ஸ்க்ரேப்பரால் (சுரண்டும் உளி) சுரண்டச் சுரண்ட அது உள்ளே இறங்கும். சரிவு 1:50 (50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. தடிமன் மாற்றம்) என்றால் 0.02 மி.மீ. சுரண்டினாலே 1 மி.மீ. உள்ளே போய்விடும், 1:100 என்றால் 2 மி.மீ. அதனால் நீளத்தை வெட்டுவது கடைசி வேலை.

முதலில் தேய்ந்தது கிப்தானா என்று பார்க்க வேண்டும். சாடிலை லாக் செய்துவிட்டு, டேபிளின் முன்விளிம்பில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, டேபிள் முனையை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டேபிள் நடுவில் நிற்கும்போது ஆட்டமும், ஓரங்களுக்குப் போகும்போது இறுக்கமும் இருந்தால் தேய்ந்திருப்பது டவ்டெயில், அதாவது டேபிள் சறுக்கி ஓடும் சாய்ந்த பக்கங்கள் கொண்ட தடம். புது கிப் அதைச் சரிசெய்யாது. ஹேண்டில் மட்டும் கொஞ்சம் சும்மா சுற்றுகிறது என்றால் அது டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே உள்ள தளர்வு (பேக்லாஷ்), கிப்புக்குச் சம்பந்தமில்லை.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு டேபிளையும் சாடிலையும் கழற்றுங்கள். டேபிள் கனமானது, இருவராகத் தூக்குவதே நல்லது. டேபிளைப் பெஞ்சில் மரக்கட்டைகள்மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சாடிலை ஏற்றிச் சோதித்தால் ஒவ்வொரு முறையும் கனத்தோடு போராட வேண்டியதில்லை. டவ்டெயில் முகங்களைத் துணியால் துடைத்து, பிசிறுகளை மென்மையான எண்ணெய்க்கல்லால் எடுத்துவிடுங்கள். ஏர் அடித்தால் சீவல்கள் மூலைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கிப்பைச் சும்மா செருகிப் பாருங்கள். தடித்த முனை 40 மி.மீ. வெளியே நின்றால், 1:50 சரிவில் 0.8 மி.மீ. குறைக்க வேண்டும் என்று அர்த்தம். அது கையால் சுரண்டும் வேலை இல்லை. கிரைண்டிங்கில் கொடுத்து, கடைசி 0.05 மி.மீ.யை மட்டும் கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிப்பின் மேல், கீழ் விளிம்புகளில் அரை மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விளிம்பு தட்டினால் கிப் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் சரிந்த முகம் எங்கேயும் படிந்திருக்காது. இதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் சுரண்டுபவர்கள் உண்டு.

சாடிலில் படியும் பின்முகம்தான் முதலில். சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமாகத் தட்டையான தளம்) மார்க்கிங் புளூ என்ற நீலச் சாயப் பசையைத் தேய்த்து, கிப்பை அதில் வைத்து எடுத்து, நீலம் பட்ட மேடுகளைச் சுரண்டி அந்த முகத்தைத் தட்டையாக்குங்கள். கிப் மெல்லிய பட்டை, விரலால் அழுத்தினாலே வளையும். எனவே பிளேட்டில் அழுத்தாமல் வையுங்கள். சுரண்டும்போதும் வைஸில் இறுக்க வேண்டாம். பலகையில் ஓரக்கட்டைகள் அடித்து அதற்குள் படுக்கவைத்தால் போதும்.

உராயும் முன்முகத்தைப் பிளேட்டில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, மெஷினிலேயே பார்க்க வேண்டும். டேபிளின் டவ்டெயிலில், சாடில் உட்காரும் இடத்தில், அடியில் உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் புளூ பூசுங்கள். கிப் இல்லாமல் சாடிலை எதிர்ப்பக்கம் ஒட்டித் தள்ளிக்கொண்டுவந்தால் புளூ அழியாது. கிப்பைச் செருகி லேசாகத் தட்டி, சாடிலை 10 மி.மீ. முன்னும் பின்னும் அசைத்து, கிப்பை உருவுங்கள். நடுவில் பளபளவென்று வெறும் உலோகம், சுற்றிலும் நீல வளையம்: அதுதான் மிக உயரமான புள்ளி. அதைச் சுரண்டுங்கள். கார்பைடு முனை ஸ்க்ரேப்பரால் ஒரு சுற்றுக்கு 0.002 முதல் 0.005 மி.மீ. வரை போகும். ஒவ்வொரு சுற்றிலும் திசையைக் குறுக்காக மாற்றாவிட்டால் அலைகள் விழும்.

நீலம் தடித்த முனையில் மட்டும் பட்டால் கிப்பின் சரிவு கூடுதல். அந்த முனையில் மட்டும் சுரண்டுங்கள். மேல்விளிம்பு நெடுக மட்டும் பட்டால் டவ்டெயில் கோணத்தோடு கிப் ஒத்துப்போகவில்லை. அப்போதும் கை வைக்க வேண்டியது கிப்பில்தான், டேபிளில் இல்லை. 25 மி.மீ. சதுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள், நீளம் முழுக்கப் பரவலாக வந்தால் நிறுத்திவிடலாம். அளவுக்கு மீறிச் சுரண்டி கிப் ஆழமாகப் போய்விட்டால், பின்முகத்துக்கும் சாடிலுக்கும் நடுவே பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதுதான் வழி.

இப்போது வெட்டலாம். கிப் சரியாகப் படிந்திருக்கும் நிலையில், கிப்பை உள்ளும் வெளியும் நகர்த்தும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைப் பெரும்பகுதி வெளியே எடுத்து, அதன் தலை வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைய தேய்மானத்துக்கு ஸ்க்ரூ உள்ளே போக இடம் வேண்டும். அதே காரணத்துக்காக மெல்லிய முனையும் சாடிலுக்குள் 5 மி.மீ. அடங்கி நிற்கட்டும். கிப்பில் ஸ்க்ரூ தலை உட்காரும் பள்ளத்தை, அரத்தால் தலை சிக்காமல் சுழலும் அளவுக்கு மட்டும் எடுங்கள். பள்ளம் தளர்ந்தால், டேபிள் ஒரு திசையில் போகும்போது கிப் இழுபட்டு இறுகும், மறுதிசையில் லூசாகும்.

எல்லாவற்றையும் கழுவி, ஐஎஸ்ஓ விஜி 68 (எண்ணெயின் பாகுத்தன்மைத் தரம்) ஸ்லைட்வே எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். டேபிள் பிடிக்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள். 1 மி.மீ. பிட்ச் உள்ள (ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும்) ஸ்க்ரூ 1:50 சரிவில் ஒரு சுற்றுக்கு இடைவெளியை 0.02 மி.மீ. மாற்றும், கால் சுற்று என்பது 0.005 மி.மீ. பிறகு ஓரத்திலிருந்து ஓரம்வரை டேபிளை ஓட்டிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அந்த இடத்துக்கு ஏற்றபடிதான் கிப்பை வைக்க வேண்டும். சில மணி நேரம் வேலை செய்தபின் புள்ளிகளின் முனை அமுங்கும். அப்போது ஒருமுறை மீண்டும் அட்ஜஸ்ட் செய்யுங்கள்.